58 சாமி பாட்டுக்கு உரிமை வாங்குன அனுபவம்

2016 புரட்டாசில 2,75,000 ரூபா குடுத்து 58 பாட்டு வாங்குனேன். கேசட்டோ சிடியோ இல்ல, பாட்டோட உரிமை. மொத்தம் ஏழு கேசட், எல்லாம் 1996ல இருந்து 2003க்குள்ள மதுரைல ரெக்கார்ட் பண்ணது, முக்கால்வாசி மாரியம்மன் காளியம்மன், கொஞ்சம் முருகன், ஒரு கேசட் முழுக்க கருப்பசாமி. அந்தக் காலத்துல ஆடி மாசம் மதுரை சுத்துப்பட்டுல எந்த ஊர்ல மைக் செட் கட்டுனாலும் விடியக்காலை அஞ்சு மணிக்கு குழாய்ல இதுல ஏதாவது ஒண்ணு ஓடும். நான் 97ல இருந்து 2001 வரைக்கும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கேசட் கடைல வேலை பாத்தேன், அந்த முதலாளிதான் இதையெல்லாம் சொந்தக் காசு போட்டு ரெக்கார்ட் பண்ணாரு. இன்லே கார்டை மடிச்சு டப்பாவுல சொருகுனது என் கைதான். அப்புறம் ஜவுளிக்கடைல கணக்கு எழுதப் போய்ட்டேன்.

முதலாளி இறந்தப்புறம் அவர் மகன் கட்டடத்தை விக்கப் போறாருன்னு கேள்விப்பட்டு பாக்கப் போனேன். மாடில ஒரு இரும்புப் பெட்டி நிறைய ஒரிஜினல் ரெக்கார்டிங் இருக்க ஸ்பூல் டேப், கூடவே அக்ரிமென்ட் ஃபைல். "பழைய இரும்புக்குப் போடலாம்னு இருந்தோம் அண்ணே, நீங்க வேணா எடுத்துக்கங்க"ன்னாரு. சும்மா எடுத்துட்டு வந்தா அது திருட்டு மாதிரி ஆயிரும், எழுதி வாங்கிக்கிறேன்னு சொன்னேன். என் கைல ரெண்டு லட்சம், மச்சான் 75,000 போட்டாரு. யூடியூப்ல பக்திப் பாட்டு எப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆடி வந்தா காசு கொட்டும்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம். இந்தப் பாட்டுகளுக்கு அதுக்கு முந்துன வருஷம் எவ்வளவு வருமானம் வந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. வந்திருந்தாத்தானே கேக்குறதுக்கு. ஆனா அதுவே ஒரு பதில்தான், அப்ப எனக்குப் புரியலை.

முதல் தப்பு, பணம் குடுத்தப்புறம் வக்கீலைப் பாத்தது. நிலம் வாங்குனா வில்லங்கம் இருக்கான்னு ஈசி போட்டுப் பாப்போம், தாய்ப்பத்திரம் கேப்போம், பட்டா பாப்போம். பாட்டுக்கு ஈசி கிடையாது. காப்பிரைட்டைப் பதிவு பண்ணியே ஆகணும்னு சட்டமும் இல்ல, அதனால யார் யாருக்கு எதை எழுதிக் குடுத்திருக்காங்கன்னு ஒரே இடத்துல போய் பாக்க முடியாது. இருக்க பேப்பரை ஒவ்வொரு வரியா படிக்கிறதுதான் வழி. வக்கீல் படிச்சாரு, படிச்சுட்டு ஒரு வெள்ளைத் தாள்ல ரெண்டு கோடு போட்டு மூணு கட்டம் ஆக்குனாரு. ஒரு கட்டத்துல பாட்டு வரி, ஒண்ணுல மெட்டு, ஒண்ணுல ஒலிப்பதிவு. நீங்க ஒரு பாட்டுன்னு சொல்றது சட்டத்துல மூணு சொத்து, மூணுக்கும் மூணு ஓனர் இருக்கலாம்னு சொன்னாரு. ரெக்கார்டிங்குக்கு ஏற்பாடு பண்ணி செலவு பண்ணது முதலாளி, அதனால ஒலிப்பதிவு அவரோடது, அவர் வாரிசு கிட்ட இருந்து எனக்கு வந்தது சரி. ஆனா வரியும் மெட்டும் எழுதுனவங்க எழுதிக் குடுத்திருக்கணும். 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல "முழு உரிமையும் கொடுக்கப்பட்டது"ன்னு இருக்கு, கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு, ஆனா ஏழுல நாலு கேசட்டுக்கு எத்தனை வருஷத்துக்குன்னு இல்ல, எந்த நாட்டுக்குன்னும் இல்ல. காப்பிரைட் சட்டம் 19ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, காலம் எழுதலைன்னா அஞ்சு வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். 1998ல போட்ட பேப்பர் 2003லயே முடிஞ்சு போச்சு. நான் வாங்குனது 2016ல. நம்ம பாட்டை மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் கேக்குறவங்க எத்தனை பேரு, அதுக்கெல்லாம் அந்தப் பேப்பர்ல இடமே இல்ல.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

யாராவது இந்த மாதிரி வாங்குறதா இருந்தா இந்த மூணு கட்டத்தைப் போட்டு, ஒவ்வொண்ணுலயும் யாரு, எந்தத் தேதி வரைக்கும்னு நிரப்பிட்டு அப்புறம் விலை பேசுங்க. ஒலிப்பதிவுக்கு ஆயுள் வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60, அதாவது 1998ல வந்த கேசட் 2058 முடியிற வரைக்கும். வரிக்கும் மெட்டுக்கும் எழுதுனவர் ஆயுள், அவருக்கு அப்புறம் 60 வருஷம். எங்களோட ரெண்டு கேசட்டுக்கு வரியும் மெட்டும் போட்டவர் உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வாத்தியாரா இருந்தவரு, 2009ல இறந்துட்டாரு, அப்ப 2069 வரைக்கும் அது அவர் குடும்பத்துச் சொத்து. தேவாரம் திருப்புகழ் மாதிரி பழசுன்னா வரிக்கு யாரும் ஓனர் இல்ல, கந்த சஷ்டி கவசம் தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டுல எழுதுனது, அதை யாரு வேணாலும் பாடலாம், ஆனா சூலமங்கலம் சகோதரிகள் பாடுன ரெக்கார்டை எடுத்துப் போட முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம எத்தனை பேரு சேனல் ஆரம்பிச்சு யூடியூப்ல ஸ்ட்ரைக் (வீடியோவைத் தூக்கிட்டுக் குடுக்குற எச்சரிக்கை) வாங்கிட்டு நிக்குறாங்க.

அடுத்த அடி மெட்டுல இருந்து வந்துச்சு. 58ல 11 பாட்டு சினிமா மெட்டு. அந்தக் காலத்துல இது சர்வ சாதாரணம், படம் வந்து பாட்டு ஹிட்டான மறுமாசம் அதே மெட்டுல அம்மன் பாட்டும் ஐயப்பன் பாட்டும் வந்துரும், கோயில்ல ஜனங்களும் சட்டுனு கூடப் பாடிருவாங்க. யூடியூப்ல ஏத்துன மறுநாளே அந்த 11க்கும் சினிமாப் பாட்டு உரிமை வச்சிருக்க கம்பெனிங்க, மெட்டு எங்களோடதுன்னு க்ளைம் போட்டாங்க, விளம்பரக் காசு பூரா அங்க போயிருச்சு. அவங்க பக்கம்தான் நியாயம், மெட்டு போட்டது நாங்க இல்லையே. ஆனா வலிக்குது, ஏன்னா திருவிழாவுல ரொம்ப ஓடுறது அந்த 11தான். இப்படி மொத்தப் பாட்டையும் கேட்டலாக்கா வாங்குறதுக்கு முன்னாடி எல்லாப் பாட்டையும் முழுசா உக்காந்து கேளுங்க, மெட்டு எங்கயோ கேட்ட மாதிரி இருந்தா அந்தப் பாட்டுக்கு விலை பூஜ்யம்னு போட்டுக்கங்க.

அதுக்குள்ள இன்னொரு விஷயம், நான் வாங்குறதுக்கு முன்னாடியே எங்க பாட்டு யூடியூப்ல இருந்துச்சு. மேலூர்ப் பக்கம் ஒரு மைக் செட்காரர் 2013லயே தன்கிட்ட இருந்த கேசட்டுல இருந்து ஒரு மாரியம்மன் பாட்டை ஏத்தியிருந்தாரு, 40 லட்சம் பேரு பாத்திருந்தாங்க. மச்சான் உடனே ஸ்ட்ரைக் போடுன்னாரு. நான் ஃபோன் நம்பர் தேடிப் பேசுனேன். "தம்பி, இந்தப் பாட்டு போடலைன்னா எங்க பக்கம் முளைப்பாரியே எடுக்க மாட்டாங்க, கேசட்டு இழுத்துக்கிச்சு, எங்கயும் கிடைக்கலை, அதான் ஏத்தி வச்சேன்"ன்னு சொன்னாரு. அவரு அப்படி ஏத்தலைன்னா அந்தப் பாட்டு 2013லயே செத்துருக்கும், நான் வாங்கி என்ன பண்ணிருப்பேன்? அவர் வீடியோவை அப்படியே விட்டுட்டு, நம்ம பாட்டு எந்த வீடியோவுல இருந்தாலும் யூடியூப் தானா கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி வழியா விளம்பர வருமானம் மட்டும் எங்க பக்கம் வர்ற மாதிரி பண்ணிக்கிட்டோம், அவரும் சரின்னுட்டாரு. கன்டென்ட் ஐடியை நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு நேரா தர மாட்டாங்க, பாட்டை ஆன்லைன்ல ஏத்தி காசு வாங்கித் தர்ற டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான் போகணும். நான் முதல்ல கையெழுத்துப் போட்ட டிஸ்ட்ரிபியூட்டர் அஞ்சு வருஷம் கட்டிப்போட்டு 40 சதவீதம் எடுத்தாங்க, ஸ்டேட்மென்ட் ஆறு மாசம் ஏழு மாசம் தாமதமா வரும். சதவீதத்தை மட்டும் பாக்காதீங்க, எத்தனை வருஷம், வெளிய வரணும்னா எப்படி, வந்தப்புறம் க்ளைம் எல்லாத்தையும் எத்தனை நாள்ல விடுவிப்பாங்க, இதை எழுத்துல வாங்குங்க.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி.

முடிஞ்சு போன பேப்பரைப் புதுப்பிக்கணும்னா எழுதுனவங்க, பாடுனவங்க வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும். பாடுன அம்மா புதுக்கோட்டைப் பக்கம், ஸ்பெஷல் நாடகத்துல ஸ்திரீபார்ட் கட்டுனவங்க, வள்ளி வேஷத்துக்கு அந்த ஜில்லா பூரா பேரு. நான் போனது 2017 பங்குனி வாக்குல. அப்பத்தான் இளையராஜா தரப்புல இருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு அமெரிக்காக் கச்சேரி நடக்குறப்ப, அனுமதி இல்லாம என் பாட்டைப் பாடக் கூடாதுன்னு நோட்டீஸ் போச்சுன்னு செய்தி வந்து டீக்கடைக்கு டீக்கடை சண்டை. நான் உக்காந்து என்னைப் பத்திச் சொல்லி முடிச்சதும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப இனிமே திருவிழாவுல நான் பாடுனா உங்களுக்குக் காசு கட்டணுமா தம்பி?"

எனக்குப் பேச்சு வரலை. 19 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டாயிரம் ரூபாயும் ஒரு சேலையும் வாங்கிட்டு ஒரே ராத்திரில எட்டுப் பாட்டு பாடிட்டுப் போனவங்க. அந்த சேலையை நான்தான் முதலாளி சொல்லிப் போய் வாங்கிட்டு வந்தேன். சட்டப்படி பாத்தா மேடைல பாடுறதுக்கு வரி, மெட்டோட உரிமையாளர் கிட்ட லைசென்ஸ் வாங்கணும்ங்கிறது வேற கதை, கச்சேரி ஏற்பாடு பண்றவங்க பாக்க வேண்டியது. ஆனா அந்தம்மா கேட்டது சட்டம் இல்ல. என் தொண்டைல இருந்து வந்தது எனக்கே இல்லையான்னு கேக்குறாங்க. நீங்க எங்க வேணாலும் பாடுங்கம்மா, உங்ககிட்ட யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னேன், அப்புறம் அதையும் அக்ரிமென்ட்லயே எழுதுனேன்.

2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்துனாங்க, இந்திப் பாட்டு எழுதுற ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல எம்பியா இருந்து அதுக்காகப் பேசுனது நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு அப்புறம் வரி எழுதுறவங்களும் மெட்டு போடுறவங்களும் உரிமையை வித்தாலும் அந்த வரிக்கும் மெட்டுக்கும் வர்ற ராயல்டில சரிபாதி அவங்களோடது, அதை எழுதிக் குடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ, ராயல்டியை வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்குற காப்பிரைட் சொசைட்டிக்கோ மட்டும்தான் மாத்த முடியும். சினிமாவுக்கு மட்டும் இல்ல, தனி ஆல்பத்துக்கும்தான். பாடுனவங்களுக்கும் வணிகமா பயன்படுத்துனா ராயல்டி உரிமை வந்துச்சு. எங்களோடது அதுக்கு முன்னாடிக் கேசட்டுதானே, பழைய கணக்குத்தான்னு மச்சான் வாதாடுனாரு. வக்கீலும் வாதம் பண்ணலாம்னுதான் சொன்னாரு. ஆனா நான் புதுப் பேப்பர் போடப் போறேன், அது 2018, புதுச் சட்டம்தான் பொருந்தும். அதுக்கும் மேல, அந்த சேலை வாங்கிட்டு வந்த ஆளு நான்.

நூறு ரூபா வந்தா 50 எங்களுக்கு, 30 எழுதி மெட்டு போட்டவங்க வீட்டுக்கு, 20 பாடுனவங்களுக்கு. நாலு குடும்பம், 2018 கார்த்திகைல எல்லாம் கையெழுத்தாச்சு, இந்தத் தடவை காலம், நாடு, இன்டர்நெட், காலர் டியூன், ரீல்ஸ், விளம்பரம்னு ஒவ்வொண்ணும் தனித்தனி வரியா. பம்பை, உறுமி அடிச்சவங்க பேரு மட்டும் கிடைக்கவே இல்ல, இன்லே கார்டுல "குழுவினர்"னு ஒரே வார்த்தை. அது இன்னைக்கும் உறுத்துது.

கணக்கு எழுதுறவன், அதனால கணக்கையும் சொல்லிடுறேன். வாங்குன விலை 2,75,000, வக்கீல், ஸ்பூலை டிஜிட்டல் ஆக்குனதுன்னு 68,000, ஆக 3,43,000. 2017ல வந்தது 31,000. 2018ல 52,000. பங்கு பிரிச்சப்புறம் எங்க பாதி 2019ல 37,000, 2020ல கோயில் பூட்டி ஜனங்க வீட்டுலயே பாட்டு போட்டுக் கும்பிட்ட வருஷம் 56,000, அப்புறம் 55, 62, 60 ஆயிரம். போட்ட முதல் திரும்ப 2023 ஆச்சு. ஏழு வருஷம். அதே பணம் பேங்க் டெபாசிட்ல இருந்திருந்தா முதலும் பத்திரமா இருந்து வட்டியும் வந்திருக்கும், இதை மறைக்க விரும்பலை. மாசா மாசம் வர்ற வருமானம்னு நினைச்சும் இதுல இறங்காதீங்க. எங்களுக்கு ஆடி ஒரு மாசம்தான் வருஷத்துல பாதி, தைப்பூசமும் பங்குனி உத்திரமும் கொஞ்சம், ஐப்பசில ஒண்ணுமே இருக்காது. யாராவது ஆடி மாச ஸ்டேட்மென்ட்டைக் காட்டி பன்னெண்டால பெருக்கி விலை சொன்னா எந்திரிச்சு வந்துருங்க, குறைஞ்சது மூணு வருஷ ஸ்டேட்மென்ட் கேளுங்க. அப்புறம் 2021ல இருந்து அமெரிக்காவுல இருந்து பாக்குற வியூஸுக்கு அங்க வரி பிடிக்கிறாங்க, யூடியூப் விளம்பரக் காசு வர்ற ஆட்சென்ஸ் கணக்குல அந்த வரி ஃபார்ம் குடுத்தா அந்தப் பங்குல 15 சதவீதம், குடுக்காம விட்டா மொத்த வருமானத்துலயே 24 வரைக்கும் போகும், பத்து நிமிஷ வேலை அது.

பெரிய இடத்துலயும் இதே கதைதான்னு பின்னாடி படிச்சப்ப தெரிஞ்சது. இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 1997ல தன்னோட 25 ஆல்பம் வருமானத்தை அடமானமா வச்சு அஞ்சரைக் கோடி டாலருக்கு பாண்ட் (கடன் பத்திரம்) வித்தாரு, வட்டி 7.9 சதவீதம், பத்து வருஷம். நடுவுல இன்டர்நெட்ல ஓசிப் பாட்டு பரவுனதும் 2004ல அதோட தரத்தை, கடன் பத்திரத்துக்குத் தரம் போடுற மூடிஸ் நிறுவனம் கிட்டத்தட்ட குப்பை நிலைமைக்குக் கொண்டு போச்சு, ஆனாலும் கடன் முழுசா அடைஞ்சு பாட்டு அவர் கைக்கே திரும்பி வந்துச்சு. 2018ல லண்டன் பங்குச் சந்தைல ஹிப்னாசிஸ்னு ஒரு ஃபண்ட் பாட்டு உரிமை வாங்குறதுக்குன்னே வந்துச்சு, தங்கம், எண்ணெயை விட ஹிட் பாட்டு நம்பிக்கையான சொத்துன்னு அதை நடத்துனவர் சொன்னாரு. வருஷ வருமானத்தைப் போல பதினஞ்சு மடங்குக்கு மேலயும் குடுத்து வாங்குனாங்க, வட்டி விகிதம் ஏறுனதும் பங்கு விலை விழுந்து, 2023ல பங்குதாரர்களே தொடர வேணாம்னு ஓட்டுப் போட்டு, 2024ல பிளாக்ஸ்டோன் 160 கோடி டாலர் வாக்குல மொத்தத்தையும் வாங்கிக்கிச்சு. போவி பாண்டுல பாடுனவருக்கும் பணம் போட்டவங்களுக்கும் நடுவுல ஒரு முடிவுத் தேதி இருந்துச்சு, திரும்ப வர்ற வழி இருந்துச்சு. அதைப் படிச்சப்புறம்தான் எங்க அக்ரிமென்ட்லயும் 15 வருஷம்னு போட்டது சரிதான்னு எனக்கு நிம்மதி வந்துச்சு.

பாட்டை நீளத்துக்கு விடுறதா வெட்டுறதாங்கிறதுல நான் ரொம்பக் குழம்புனேன். ஸ்பூலைப் போட்டுக் கேட்டப்ப ஒரு பாட்டு 11 நிமிஷம் இருந்துச்சு, கேசட்டுல வந்தது ஆறரை நிமிஷம். சி-60 கேசட்டுல ஒரு பக்கம் அரை மணி நேரம், நாலு பாட்டு அடங்கணும், அதனால முன்னாடி வர்ற விருத்தத்தையும் கடைசில அம்மை இறங்குற சரணத்தையும் முதலாளி வெட்டிட்டாரு. அந்தம்மா என்கிட்ட அதைப் பத்தி சொல்லியிருந்தாங்க, "அந்தக் கடைசி அடி பாடுறப்ப எனக்கே சாமி வந்துருச்சு, அதைப் போய் எடுத்துட்டாங்க"ன்னு. டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல இருந்த பையன் நேர்மாறா சொன்னான், ஆறரையே அதிகம், எடுத்ததும் தாளம் வரணும், முதல் அரை நிமிஷத்துல ஆளு போயிருவாங்கன்னு. அவன் சொன்னதும் பொய் இல்ல, ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் தாண்டுனாத்தான் ஒரு ப்ளேன்னே கணக்கு. ரெண்டையும் போட்டேன். வெட்டுனதுக்குத்தான் கூட்டம், காசு வர்றதும் அதுலதான். முழுசா இருக்கறதைக் கேக்குறவங்க பத்துல ஒரு பங்கு இருக்கும், ஆனா அது அம்மன் கோயில் பூசாரிங்களும் வேப்பிலை அடிக்கிறவங்களும் டவுன்லோட் பண்ணி வச்சிருக்க பாட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்கு வியூஸ் ஏறும். அந்த நேரத்துல யாரு எதுக்காகக் கேக்குறாங்கன்னு நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

2021ல ஒரு ஏஜென்சில இருந்து ஃபோன். வாத்தியார் எழுதுன பாட்டோட பல்லவி மெட்டு மட்டும் வேணும், ஆன்லைன் ரம்மி விளம்பரத்துக்கு, ஒன்றரை லட்சம். எங்களுக்கு ஒரு முழு வருஷத்துல மொத்தமா வர்றதை விட அதிகம். என் பொண்ணுக்கு அந்த வருஷம்தான் காலேஜ் ஃபீஸ் கட்டணும். ரெண்டு நாள் யோசிச்சேன், வேணாம்னு உடனே சொல்ற மனசு எனக்கு வரலைங்கிறது நிஜம். விளம்பரத்துக்குக் குடுக்கணும்னா எழுதுனவங்க வீட்டு சம்மதம் வேணும்னு அக்ரிமென்ட்ல இருக்கு, அது இல்லாட்டியும் 57ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, படைப்பைச் சிதைச்சு எழுதுனவர் பேரைக் கெடுத்தா உரிமையை வித்தப்புறமும் கேஸ் போடலாம். உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் போனேன். வாத்தியாரம்மா தண்ணி குடுத்துட்டு முழுசா கேட்டாங்க. அவங்களுக்கு அதுல 45,000 வரும்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவரு காப்புக் கட்டி விரதம் இருந்து எழுதுனது தம்பி. காசு போட்டு வாங்குனது நீங்க, உங்க இஷ்டம்"னாங்க. வேணாம்னு சொல்லவே இல்ல. திரும்பி வர்ற பஸ்லயே ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணி முடியாதுன்னு சொல்லிட்டேன். மச்சான் தன்னோட 75,000ஐத் திருப்பிக் கேட்டாரு, நாலு தவணைல குடுத்தேன், ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. காசு போட்டவர் கேக்குறதுல தப்பு இல்ல. சேர்ந்து வாங்குறவங்க இதை முன்னாடியே பேசிருங்க, எதுக்கெல்லாம் பாட்டைக் குடுப்போம், எதுக்குக் குடுக்க மாட்டோம்னு. நாங்க பேசலை.

அந்த வீட்டுக்குப் போய்ப் பழகுனதால இன்னொண்ணு கிடைச்சது. வாத்தியாரோட நோட்டு ரெண்டு அவங்க கிட்ட இருந்துச்சு, எந்தப் பாட்டு எந்தத் தேதில எழுதுனது, எந்த மெட்டு சொந்த மெட்டு, எது கிராமத்துக் கும்மி மெட்டுன்னு எல்லாம் பென்சில்ல குறிச்சிருக்காரு. ஒரு பாட்டுக்கு வேற கம்பெனி தப்பா க்ளைம் போட்டப்ப அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பித்தான் விடுவிச்சோம்.

இப்ப கடைசி ஸ்பூல்ல நிக்குறேன். பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, சென்னைல ஒருத்தர் சுத்தம் பண்ணி போன மாசம் டிஜிட்டல் ஆக்கிக் குடுத்தாரு. பெட்டி மேல வாத்தியார் கையெழுத்துல பாட்டுப் பட்டியல், ஒன்பது பாட்டு. கேசட்டுல வந்தது எட்டு, அக்ரிமென்ட்ல இருக்கதும் எட்டு. ஒன்பதாவதைப் போட்டுக் கேட்டேன், பாடுறது அந்தம்மா இல்ல, வாத்தியாரே பாடியிருக்காரு, ஆர்மோனியம் மட்டும், நாலு நிமிஷம் சொச்சம், ஒரு தாலாட்டு. அந்த வரிக்கும் மெட்டுக்கும் எந்தப் பேப்பரும் கிடையாது, அது அவங்களோடது. வாத்தியாரம்மாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன், அப்படி ஒரு பாட்டு இருக்கறதே அவங்களுக்குத் தெரியலை. வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம் தம்பி, பெரிய ஸ்பீக்கர்ல கேக்கணும்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ல வர்றாங்க.